'குட்' என்றாலே இறந்தகாலமா?

கேள்வி: 'கேன்' நிகழ்காலம், 'குட்' இறந்தகாலம் என்று பள்ளியில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். ஆனால் அலுவலகத்தில் 'குட் யூ கம் டுமாரோ?' என்கிறார்கள். நாளைக்கு வருவதற்கு இறந்தகாலம் எதற்கு, ஐயா? இன்னொன்று. சரக்கு தாமதமானபோது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா என்ற பொருளில், நூல் அனுப்பும் நிறுவனத்துக்கு 'யூ மஸ்ட் ஹேவ் இன்ஃபார்ம்டு அஸ்' என்று மெயில் எழுதினேன். 'இல்லை, நாங்கள் தெரிவிக்கவில்லை' என்று பதில் வந்தது. கிண்டலா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கிண்டல் இல்லை. நீங்கள் எழுதியதற்கு அதுதான் நேரான பதில். 'மஸ்ட் ஹேவ் இன்ஃபார்ம்டு' என்றால் 'நீங்கள் நிச்சயம் தெரிவித்திருப்பீர்கள்' என்ற ஊகம். நீங்கள் நினைத்தது 'ஷுட் ஹேவ்'. செய்ய வேண்டியது, ஆனால் செய்யவில்லை. அதுவும் மெயிலில் அதட்டலாகத்தான் ஒலிக்கும். 'வீ வுட் ஹேவ் அப்ரிஷியேட்டட் அன் எர்லியர் நோட்டீஸ்' என்று எழுதினால் வருத்தமும் தெரியும், உறவும் கெடாது.

இந்தத் தடுமாற்றம் தமிழ் பேசுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். 'கதவைப் பூட்டியிருக்க வேண்டும்' என்பதைப் பாருங்கள். கதவைத் தள்ளியும் திறக்காதபோது சொன்னால் அது ஊகம். திருட்டுப் போனபிறகு சொன்னால் குறை. வாக்கியம் ஒன்றே, எந்தப் பொருள் என்பதைச் சூழலும் குரலும் காட்டிவிடும். ஆங்கிலம் அதைக் குரலிடம் விடாமல், முதலாவதற்கு 'மஸ்ட் ஹேவ் லாக்டு', இரண்டாவதற்கு 'ஷுட் ஹேவ் லாக்டு' என்று பிரித்து வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் அவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை. 'மைட் ஹேவ்', 'குட் ஹேவ்' இரண்டும் நம் 'வந்திருக்கலாம்' போலவே இரண்டு பக்கமும் சாயும்.

இனி 'குட்'. உங்கள் அட்டவணை வரலாற்றுப்படி சரியானதே. வுட், குட், ஷுட், மைட் நான்கும் வில், கேன், ஷல், மே ஆகியவற்றின் இறந்தகால வடிவங்களாகப் பிறந்தவைதான். 'மஸ்ட்'டும் பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவமாக இருந்து, பிற்பாடு நிகழ்காலத்துக்குக் குடிபெயர்ந்தது. அதனால்தான் நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல அதனால் முடிவதில்லை; 'ஹேட் டு' என்று வேறொன்றைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த வடிவங்களுக்கு இன்று காலம் காட்டுவது பல வேலைகளில் ஒன்றுதான். பொதுவாக இவை ஒரு விலக்கத்தைக் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று என்பது காலத்தில் விலகல். 'இஃப் ஐ குட் ஃப்ளை' என்பது நடப்பிலிருந்து விலகல். 'குட் யூ கம் டுமாரோ?' என்பது மரியாதைக்காகக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது. உங்கள் ஊரில் 'நாளைக்கு வர முடியுமா' என்பதை 'முடியுங்களா' ஆக்கி மெதுவாக்குகிறீர்களே, அந்த 'ங்க' செய்யும் வேலையை அங்கே 'குட்' செய்கிறது.

இறந்தகாலத்திலும் 'குட்'டை நம்பி எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் நீச்சல் தெரியும் என்பதற்கு 'ஐ குட் ஸ்விம்' சரி. நேற்று ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன் என்பதற்கு 'ஐ குட் கேட்ச் த பஸ்' சரிவராது. ஒருமுறை முயன்று முடித்த காரியத்துக்கு 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். பஸ் போய்விட்டதா? கவலையில்லை, 'குடன்ட்' தாராளமாகப் போடலாம்.