இதயத் தமனி சி.டி. ஸ்கேன்: தெளிவான படமும் குறைந்த கதிர்வீச்சும்

மார்பு வலியின் காரணத்தை அறிய இதயத் தமனி சி.டி. ஸ்கேன் பரிந்துரைக்கப்படும்போது, நோயாளியும் குடும்பத்தினரும் தவறாமல் கேட்பது, "கதிர்வீச்சு எவ்வளவு?" என்பதே. நியாயமான கேள்வி. அதன் விடை இயந்திரத்தை மட்டுமன்றி, மேசையில் படுத்திருப்பவரின் நாடித்துடிப்பையும் பொறுத்தது.

துடிப்பும் படமும்

இதயத் தசைக்கு இரத்தம் அளிக்கும் முதன்மைத் தமனிகள் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் விட்டமே உடையவை. ஒவ்வொரு துடிப்பிலும் அவை இடம்பெயர்கின்றன. ஓடும் குழந்தையைப் படமெடுத்தால் முகம் கலங்குவதைப் போல, இதயம் விரைந்து துடித்தால் தமனியின் விளிம்பும் கலங்கும்.

இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் கணநேரம் அசைவு அடங்கி நிற்கிறது. துடிப்பு நிமிடத்திற்கு 60 அளவில் இருந்தால் அவ்விடைவேளை நீளும். ஈ.சி.ஜி. துணையுடன் அந்த நேரத்தில் மட்டும் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் போதும். துடிப்பு விரைவாகவோ ஒழுங்கற்றோ இருந்தால், பெரும்பாலும் கதிரை அதிக நேரம் செலுத்த நேரிடும்.

எவ்வளவு குறைக்கலாம்?

கதிர்வீச்சைப் பாதியாக்கினால், படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளித்தன்மை ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. அடைப்பு சிறிதா பெரிதா என்று காட்டாத படம் பயனற்றது. மீண்டும் ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு இரட்டிப்பாகும். ஆகவே நோக்கம், நோயறியப் போதுமான மிகக் குறைந்த அளவே. பருமனற்ற உடலினர்க்கு மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 ஆகக் குறைத்தால், கதிர்வீச்சு ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும்.

பல நாடுகளில் 2007இல் நடந்த ஆய்வொன்றில் இந்த ஸ்கேனின் இடைநிலை அளவு 12 மில்லிசீவர்ட்டாக இருந்தது. 2017இல் நடந்த அதன் தொடர் ஆய்வில் அது ஏறத்தாழ 3 மில்லிசீவர்ட்டாகக் குறைந்தது. மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் ஆண்டுதோறும் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்.

உங்கள் பங்கு

• ஸ்கேனுக்கு முன் 12 மணி நேரம் காபி, தேநீர் அருந்தாதீர்கள். அவை துடிப்பை விரைவுபடுத்தக்கூடும்.
• துடிப்பைத் தணிக்கத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சொன்ன நேரத்தில் உட்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே கூறுங்கள்.
• தமனியை விரிக்க நாவின்கீழ் நைட்ரோகிளிசரின் தரப்படலாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை உட்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழலாம்.
• சிறுநீரக நோய், சாய மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருக்கும் வாய்ப்பு ஆகியவற்றை மறைக்காதீர்கள்.
• சுமார் 10 வினாடிகள் மூச்சை அடக்க வீட்டிலேயே பழகுங்கள். சாய மருந்து செல்லும்போது உடலெங்கும் வெப்பம் பரவுவதாகத் தோன்றும், அது இயல்பு. அப்போது அசையாதிருங்கள்.

அச்சம் நாடியை விரைவுபடுத்தும். ஆகவே ஐயம் எதுவாயினும் மேசையில் படுக்குமுன்னரே எங்கள் பணியாளர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.