சக்கரத்தின் மேல் ஒரு வீடு

நுழையும்முன்

கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவிற்குச் செல்வது தமிழகச் சிற்றூர்களின் பழைய வழக்கம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்துக் குழந்தைகளை உறங்க வைப்பர். வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். ஓரிரவுக்கு அவ்வண்டியே வீடாகிவிடும். இன்று கட்டில், சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுடன் மகிழுந்தின் பின்னே இழுத்துச் செல்லப்படும் ‘கேரவன்’ வந்துள்ளது. பழைய விளக்கிற்கு மண்ணெண்ணெய் போதுமானதாக இருந்தது. புதிய வண்டிக்கு மின்சாரம் வேண்டும். அதனை வீட்டிலிருந்து பாதுகாப்பாகப் பெறும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அல்சூரில் ஒரு மாலை

பெங்களூரு அல்சூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தசரா விடுமுறையில் சிவசமுத்திர அருவியைக் காணத் திட்டமிட்டது. வாடகைக்கு எடுத்த கேரவன் முதல்நாள் மாலையே வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. புறப்படுவதற்கு முன் அதன் மின்கலம் நிறைய வேண்டும். குளிர்பதனப் பெட்டியும் குளிர வேண்டும். தந்தை, தீபாவளி விளக்குகளுக்குப் பயன்படுத்திய மெல்லிய நீள்கம்பியை எடுத்து வந்தார்.

“மழை பெய்து தரை ஈரமாக இருக்கிறது. மின்பணியாளரைக் கேட்காமல் எதையும் மாட்டாதே” என்றார் பாட்டி.

மின்பணியாளர் வந்தார். முற்றத்துச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டைத் திறந்து பார்த்தார். கம்பியைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

“ஐயா, இதிலிருந்து வண்டிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது” என்றார்.

“ஏன் அண்ணா? இதில்தானே அம்மா இஸ்திரி போடுகிறார்கள்?” என்று கேட்டாள் அவ்வீட்டுச் சிறுமி.

“இஸ்திரிப் பெட்டி ஒரே ஒரு கருவி, பாப்பா. இந்த வண்டியோ ஒரு வீடு. வீட்டிற்கு வேண்டிய மின்சாரத்தை இந்தச் சிறிய வாய் தாங்காது. கம்பியும் தாங்காது. எல்லாவற்றிற்கும் மேலாக, இதில் எர்த் இல்லை” என்றார் அவர்.

அவர் கூறிய மூன்று காரணங்களும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியவை.

முதற் காரணம்: தாங்கும் அளவு

இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்னழுத்தத்தில் மின்சாரம் வழங்கப்படுகிறது. சுவரில் காணும் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். பெரியது 16 ஆம்பியர் தாங்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அதன் அலகு வாட்.

சிறியது: 230 × 6 = 1380 வாட்
பெரியது: 230 × 16 = 3680 வாட்

கேரவனில் உள்ள குளிரூட்டி 1200 வாட், நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி 1500 வாட் எனில், இரண்டும் சேர்ந்து 2700 வாட். பெரிய பாயிண்ட் இதனைத் தாங்கும், சிறியது தாங்காது. இவற்றுடன் 2000 வாட் மின்னடுப்பையும் இயக்கினால் மொத்தம் 4700 வாட் ஆகிவிடும். அதனைப் பெரிய பாயிண்டும் தாங்காது. ஆகவே, ஒரே நேரத்தில் எவையெவை இயங்கலாம் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் காரணம்: கம்பியின் பருமன்

குறுகிய வாய்க்காலில் பெருவெள்ளம் பாய்ந்தால் கரை உடையும். மெல்லிய கம்பியில் மிகுதியான மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறும். 25 மீட்டர் நீளமும் 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனும் உடைய செப்புக் கம்பியில் 16 ஆம்பியர் பாயும்போது, ஏறத்தாழ 100 வாட் வெப்பம் அதன் நீளம் முழுவதும் பரவி வெளியேறும். அதே நீளத்தில் 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின், வெப்பம் ஏறத்தாழ 330 வாட் ஆகும். அதன் மேலுறை இளகித் தீப்பற்றவும் கூடும்.

தகுந்த கம்பியாக இருந்தாலும் அதனைச் சுருளாக வைத்துக்கொண்டே பயன்படுத்தக் கூடாது. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். கம்பி முழுவதையும் பிரித்து, மழைநீர் தேங்காத இடத்தில் கிடத்த வேண்டும்.

மூன்றாம் காரணம்: எர்த் கம்பி

மூன்று காரணங்களுள் இதுவே உயிருடன் நேரடித் தொடர்புடையது. கேரவனின் உடல் பெரும்பாலும் உலோகத்தால் ஆனது. அதன் சக்கரங்களோ ரப்பரால் ஆனவை. பயணத்தின் அதிர்வில் உள்ளே ஒரு கம்பியின் மேலுறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், வண்டி முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். ரப்பர்ச் சக்கரம் அதனை நிலத்திற்குச் செல்ல விடாது. விளக்கு எரியும், குளிர்பதனப் பெட்டி ஓடும், குறை எதுவும் வெளியே தெரியாது. அந்நிலையில் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தை கதவின் கைப்பிடியைத் தொட்டால், அக்குழந்தையின் உடலே மின்சாரம் நிலத்தை அடையும் வழியாகிவிடும்.

இதனைத் தடுப்பதே எர்த் எனப்படும் நிலத்தொடர்புக் கம்பியின் பணி. அது வண்டியின் உலோக உடலை நிலத்துடன் இணைக்கிறது. பழுது ஏற்பட்டவுடன் மின்சாரம் அவ்வெளிய வழியில் பெருமளவில் பாயும். உடனே மின்பலகையில் உள்ள எம்.சி.பி. விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டருகே குழி தோண்டி, உலோகக் குழாயை நட்டு, உப்பும் கரியும் இட்டு மூடுவது இந்த எர்த்திற்காகவே ஆகும்.

மின்கசிவுத் துண்டிப்பான் மற்றொரு காவலன். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்பியர் குறைந்தாலும் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஒருநாள் தாமதம்

“நாளைக் காலை புறப்பட வேண்டுமே! இன்று ஒருநாள் மட்டும் இப்படியே ஓட்டக் கூடாதா?” என்று கேட்டார் தந்தை.

“ஐயா, ஆபத்துக்கு ஒருநாள் போதும். குழந்தைகள் ஏறி இறங்கும் வண்டி இது” என்றார் மின்பணியாளர்.

சிறுமியின் முகம் வாடியது. எனினும், பாட்டி பேரப்பிள்ளைகளை உள்ளே அழைத்துச் சென்றார். பயணம் ஒருநாள் தள்ளி வைக்கப்பட்டது. மறுநாள் மின்பணியாளர் மின்பலகையிலிருந்து தனிக்கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் அமைத்தார். அதற்கென எம்.சி.பி.யும் மின்கசிவுத் துண்டிப்பானும் பொருத்தினார். எர்த் கம்பியைச் சோதித்துப் பார்த்தார்.

பின்னர் இணைக்கும் முறையைத் தந்தைக்கு விளக்கினார். முதலில் வண்டியின் கருவிகளையும் சுவரின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். அடுத்து, கம்பியை வண்டியில் மாட்ட வேண்டும். அதன் பிறகே மறுமுனையைச் சுவரில் மாட்டிச் சுவிட்சைப் போட வேண்டும். துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா எனக் காண வேண்டும். கழற்றும்போது சுவரில் தொடங்கி வண்டியில் முடிக்க வேண்டும். இம்முறையைப் பின்பற்றினால், மின்சாரம் உள்ள முனை ஒருபோதும் கையில் தொங்காது.

ஆற்றிலிருந்து வந்த ஒளி

குடும்பம் சிவசமுத்திரத்தை அடைந்தது. குடகு மலையில் பிறந்து தமிழகம் நோக்கிச் செல்லும் காவிரி அங்கு அருவியாக விழுகிறது. அவ்வீழ்ச்சியின் ஆற்றலைக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பினர். அத்திட்டத்திற்கு வித்திட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், அது நிறைவேறுவதைக் காணாமலே 1901-இல் மறைந்தார். தங்கவயலின் சுரங்கங்களில் உழைத்தவர்களுள் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் பெருந்தொகையினர். 1905-இல் பெங்களூருத் தெருக்களிலும் மின்விளக்குகள் ஒளிர்ந்தன.

அருவியின் சாரல் சிறுமியின் முகத்தில் தெறித்தது. “இவ்வளவு வலிமையையா அண்ணன் ஒரு கம்பிக்குள் அடக்கிக் கொடுத்தார்?” என்று கேட்டாள் அவள்.

“அதனால்தான் ஒருநாள் காத்திருந்தோம்” என்றார் பாட்டி.

தெரிந்து தெளிவோம்

நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். மாட்டும்போது அது முதலில் தொடும். கழற்றும்போது இறுதியில் விடும். காவல் முன்னே வந்து பின்னே செல்கிறது.

ஐரோப்பியக் கேரவன் முகாம்களில் 230 வோல்ட், 16 ஆம்பியர் தாங்கும் நீலநிற இணைப்பு பரவலாக உள்ளது. அமெரிக்காவில் 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு பெருவழக்கு. இரண்டின் மின்திறனும் ஏறத்தாழச் சமம்.

சொல்லும் பொருளும்

சமுக்காளம் – தடித்த விரிப்பு
மின்கலம் – மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கருவி, பேட்டரி
மின்கெண்டி – நீரைக் கொதிக்க வைக்கும் மின்கருவி
திவான் – சமஸ்தானத்தின் தலைமை அமைச்சர்

பயிற்சி

அ. குறுவினா
1. மின்பணியாளர் இணைப்புத் தர மறுத்ததற்குக் கூறிய மூன்று காரணங்கள் யாவை?
2. கம்பியைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தக் கூடாது. ஏன்?
3. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குமா? கணக்கிட்டு விடை எழுதுக.

ஆ. சிந்தனை வினா
“ஆபத்துக்கு ஒருநாள் போதும்” என்னும் கூற்றை உம் வீட்டு நிகழ்வு ஒன்றுடன் பொருத்தி எழுதுக.

இ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், மின்னோட்டம், மின்னடுப்பு.
2. ‘மின்’ என்னும் சொல்லுக்கு ஒளிர்தல் என்பது பொருள். மின்னல், மின்மினி போல இச்சொல்லில் தொடங்கும் ஐந்து சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைக்க.

ஈ. செயல்பாடு
உம் வீட்டு மின்கருவிகளின் மேல் எழுதப்பட்டுள்ள வாட் அளவுகளைப் பெரியோர் துணையுடன் பார்த்துப் பட்டியலிடுக. எந்தப் பிளக்கையும் சுவிட்சையும் நீவிர் கழற்ற வேண்டா.