உடல் மறைக்கும் அலை

1940களின் இறுதியில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், இதயத்தின் மின்துடிப்பை வானொலி அலையாக அனுப்பும் கருவியை முதுகில் சுமக்கும் வகையில் அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 38 கிலோகிராம். இன்று அப்பணியை உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி செய்கிறது. நோயாளியின் மார்பில் அணிவிக்கப்படும் அதிலிருந்து எழும் அலை, அலையைப் பெறும் ஏற்பியின் வழியாகச் செவிலியர் பார்க்கும் திரையை எட்ட வேண்டும். எடை குறைந்துவிட்டது, வழியிலுள்ள இடர் குறையவில்லை.

நீரால் ஆன தடை

இத்தகைய கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி இயங்குகின்றன. நுண்ணலை அடுப்பு உணவைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான். உணவிலுள்ள நீர் அவ்வலையின் ஆற்றலை உட்கவர்வதாலேயே அது சூடேறுகிறது. வளர்ந்த மனிதரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். ஆகவே மார்பில் எழும் அலை உடலை ஊடுருவி முதுகுப்புறம் வெளிவருவது அரிது. (இதனால் உடல் சூடேறுமோ என அஞ்ச வேண்டியதில்லை. அடுப்பின் திறன் பல நூறு வாட். இக்கருவியின் திறன் சில மில்லிவாட் மட்டுமே.) சிறு பகுதி உடலின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து செல்லும். எனினும், அணிந்தவர் ஏற்பிக்கு முதுகு காட்டி நின்றால், அதனை எட்டும் திறன் நூறில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்துவிடக்கூடும்.

சுவர் காட்டும் வழி

திறந்தவெளியில் இவ்வாறு மறைக்கப்பட்ட அலையை மீட்பது கடினம். அறைக்குள் நிலை வேறு. சுவர், கூரை, தரை, இரும்புக் கட்டில் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் அலைகள் உடலைச் சுற்றிக்கொண்டு ஏற்பியை அடைகின்றன. தடை எனக் கருதப்படும் சுவரே இங்குத் தூதாகிறது.

ஆயினும் இவ்வுதவி நிலையானதன்று. வெவ்வேறு தொலைவு கடந்து வரும் அலைகள் முகடும் முகடுமாகச் சேர்ந்தால் சைகை வலுப்பெறும். முகடும் அகடுமாகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆதலால் வலுவான இடத்திற்கும் நலிந்த இடத்திற்கும் இடையே சில செ.மீ. தொலைவே இருக்கும். நோயாளி புரண்டு படுத்தாலோ, எவரேனும் குறுக்கே நடந்தாலோ திரையில் ஓடும் கோடு அறுபடலாம். நின்றது இதயமா, அலையா என்பதைச் செவிலியர் அக்கணமே அறிந்தாக வேண்டும். அதனால்தான் சைகை இழப்பிற்கெனத் தனி அறிவிப்பு திரையில் தோன்றுமாறு இக்கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன.

அலையின் திறனைக் கூட்டுவது எளிய தீர்வுபோலத் தோன்றும். ஆனால் மின்கலம் விரைவில் தீரும்; அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் அழிவும் தொடரும். மாறாக, ஏற்பியில் இரண்டு அலைவாங்கிகளைச் சற்று இடைவெளிவிட்டு அமைக்கின்றனர். ஒன்று நலிந்த இடத்தில் இருக்கும்போது மற்றொன்று பெரும்பாலும் வலுவான இடத்தில் இருக்கும். புளூடூத் முறையோ 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவுகிறது. ஒரு தடத்தில் அழிந்த சைகை மற்றொன்றில் பிழைக்கலாம். (இவ்வாறு அதிர்வெண் தாவும் முறையொன்றிற்கு 1942இல் காப்புரிமை பெற்றவர்கள் திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் ஆவர்.) எல்லா வழியும் அடைபட்ட நொடிகளின் துடிப்புகளைச் சில கருவிகள் தம் நினைவகத்தில் காத்து, வழி திறந்ததும் அனுப்பிவைக்கின்றன.