ஐப்பசி விருந்தாளிகள்: தோட்டம் உடையவர்களுக்கு

ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்காகத் திரும்பும் இந்நாட்களில், இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவின் வனங்களிலும் குஞ்சு பொரித்து முடித்த ஆறுமணிக்குருவி, இராக்காலங்களில் பிரயாணம் செய்து தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்கிறது. ஆகையால், வீட்டுக் கொல்லையில் நாலு மரமும் ஒரு புதரும் வைத்திருப்பவர்கள் உடனே செய்யவேண்டிய காரியம், மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டுவைப்பதே. அச்சருகை அலகால் புரட்டிப் புரட்டி, அடியிலிருக்கும் புழு பூச்சிகளைத் தின்றுதான் இப்பறவை பனிக்காலத்தைக் கழிக்கிறது.

வைகறையிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் சீழ்க்கை ஒலி கேட்டால், கிளைகளை அண்ணாந்து பாராமல், புதரடியில் பார்வையைச் செலுத்துங்கள். மைனாவைவிடச் சிறிய உருவம், பசிய முதுகு, இறகில் நீலத்திட்டு, கண்ணின் ஊடே கரிய பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இத்தனை வர்ணங்களையும் வைத்துக்கொண்டு, நிழலில் அசையாது நின்றுவிட்டால் அது கண்ணுக்கே அகப்படாது. மொட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும்போதுதான் இருக்குமிடம் தெரியும். வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடக்கும் பறவையைக் கண்டால், அது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகளுக்கு அவ்வழக்கம் இல்லை.

நெடுந்தூரம் பறந்து களைத்த ஆறுமணிக்குருவி, விளக்கொளியில் திகைத்து வீட்டினுள் புகுவதும், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் இப்பருவத்தில் சகஜம். அவசியமற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். விழுந்துகிடப்பதைக் கண்டால், பூனையும் காகமும் அண்டுமுன் மெல்ல எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான, சந்தடியற்ற இடத்தில் சிறிது நேரம் விட்டுவையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் புகட்டவே கூடாது. அன்பினால் செய்யும் இக்காரியமே அதற்குப் பிராணாபத்தாக முடியலாம். தெளிந்ததும் புதரோரம் பெட்டியைத் திறந்தால் தானே போய்விடும். தெளியாவிடில் வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். அழகாயிருக்கிறதென்று கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

முதன்முதலாகக் கண்ட தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பொங்கலை ஒட்டித் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். தத்தம் தோட்டத்திலேயே 15 நிமிஷம் இருந்து எண்ணினாலும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். இவ்வருஷம் நீங்களும் குழந்தைகளுடன் அவசியம் பங்குபெறுங்கள்.