உயர் குருதியமுக்க மருந்துகளும் உடலின் போசணையும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்
அலகு: தொற்றா நோய்கள்

மாணவர்களே, சுகதேகி ஒருவரின் குருதியமுக்கம் ஓய்வின்போது ஏறத்தாழ 120/80 மி.மீ. இரசம் ஆகும். இது தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேற்பட்டுக் காணப்படின் பொதுவாக உயர் குருதியமுக்கம் எனப்படும். இந்நோயாளர் பலர் நீண்டகாலம் குளிசை உட்கொள்கின்றனர். இக்குளிசைகள் அமுக்கத்தைக் குறைப்பதோடு கனியுப்புக்களின் அளவையும் அனுசேபத்தையும் மாற்றக்கூடியவை. ஆகவே நோயாளி எதை உண்ணலாம் என்ற வினாவுக்கு, அவர் உட்கொள்ளும் குளிசை எதுவென அறியாமல் முழுமையான விடை எழுத முடியாது.

1. சிறுநீர்ப்பெருக்கிகள்
(உ-ம்: ஐதரோகுளோரோதயசைட்டு, பிரூசமைட்டு)

இவை சோடியத்தையும் நீரையும் சிறுநீருடன் கூடுதலாக வெளியேறச் செய்கின்றன. குருதியின் கனவளவு குறைவதால் அமுக்கமும் குறைகின்றது. ஆனால் பொற்றாசியமும் மகனீசியமும் கூடவே இழக்கப்படுகின்றன. குருதியில் பொற்றாசியம் லீற்றருக்கு 3.5 – 5.0 மில்லிமூல் அளவில் இருத்தல் வேண்டும். இது குறைந்தால் தசைப் பலவீனம், தசைப்பிடிப்பு, இதயத் துடிப்பு ஒழுங்கீனம் என்பன ஏற்படலாம்.

தயசைட்டு வகை குருதியில் குளுக்கோசையும் யூரிக் அமிலத்தையும் சற்று உயர்த்தலாம். அது சிறுநீருடன் கல்சியம் இழக்கப்படுவதைக் குறைக்கும். பிரூசமைட்டோ அவ்விழப்பைக் கூட்டும்.

2. அஞ்சியோதென்சினுக்கு எதிரான மருந்துகள்
(உ-ம்: எனலாபிரில், லொசாட்டன்)

அஞ்சியோதென்சின் குருதிக் குழாய்களைச் சுருக்குவதுடன் அல்டொஸ்தரோன் என்னும் ஓமோனையும் சுரக்கச் செய்கின்றது. அவ்வோமோன் சோடியத்தை உடலில் நிறுத்திப் பொற்றாசியத்தை வெளியேற்றும். இம்மருந்துகள் அதனைத் தடுப்பதால் பொற்றாசியம் உடலில் தங்குகின்றது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் இது அளவுமீறி உயர்ந்து இதயத்தை நிறுத்தவும் கூடும். உப்பைக் குறைக்க விரும்புவோர் வாங்கும் சில "குறைந்த சோடிய" உப்புக்களில் பொற்றாசியம் குளோரைட்டு உள்ளது. இவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

3. பீற்றா தடுப்பிகள்
(உ-ம்: அற்றினலோல், புரொப்பிரனலோல்)

இவை அதிரினலினின் தாக்கத்தைத் தடுத்து இதயத் துடிப்பைக் குறைக்கின்றன. சிலரில் உடல் நிறை சற்று அதிகரிக்கலாம். இன்சுலின் பெறும் நீரிழிவு நோயாளிக்குக் குருதிக் குளுக்கோசு குறையும்போது படபடப்பும் நடுக்கமும் தோன்றும். பீற்றா தடுப்பி இவ்வறிகுறிகளை மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் தோன்றும். எனவே இவர்கள் உணவுவேளையைத் தவறவிடலாகாது.

4. கல்சியக் கால்வாய்த் தடுப்பிகள்
(உ-ம்: அம்லோடிப்பின், நிபெடிப்பின்)

இவை குருதிக் குழாய்ச் சுவரின் தசைக் கலங்களுள் கல்சியம் புகுவதையே தடுக்கின்றன. பெயரைக் கண்டு, பாலையும் நெத்தலியையும் தவிர்க்க வேண்டும் என எழுதுவது தவறு. கணுக்கால் வீக்கம், முரசு வீக்கம் என்பன பக்க விளைவுகளாகத் தோன்றலாம்.

மாதிரி வினா

அயலவர் இருவர் சிகிச்சை பெறுகின்றனர். "அ" என்பவர் தயசைட்டு மட்டும் உட்கொள்கிறார். சிறுநீரகம் நலமாக உள்ளது. "ஆ" என்பவர் எனலாபிரில் உட்கொள்கிறார், சிறுநீரகம் பாதிப்புற்றுள்ளது. நாளாந்தம் இளநீரும் வாழைப்பழமும் உட்கொள்ளுமாறு "அ", "ஆ"வுக்குக் கூறுகிறார். இது பொருத்தமானதா?

விடை: பொருத்தமற்றது. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொற்றாசியம் அதிகம். "அ" பொற்றாசியத்தை இழப்பதால் அவருக்கு இவை உதவலாம். "ஆ"வின் உடலில் அது ஏற்கெனவே தேங்கக்கூடியதால் அவருக்கு இவை ஆபத்தாகலாம்.

நினைவிற் கொள்க

• மருந்துப் பெயர்களை மனனஞ் செய்வதிலும், மருந்து – கனியுப்பு – உணவு என்னும் தொடர்பை விளங்கிக்கொள்வதே முக்கியம்.
• நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பையே உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கின்றது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்பவற்றின் உப்பும் இதனுள் அடங்கும்.
• பக்க விளைவுக்கு அஞ்சிக் குளிசையைத் தாமாக நிறுத்தலாகாது. அமுக்கம் மீண்டும் உயர்ந்து பாரிசவாதம் ஏற்படலாம். பீற்றா தடுப்பியைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கும் ஆபத்தானது.
• வீட்டில் அம்மம்மாவோ தாத்தாவோ குளிசை உட்கொள்வாராயின் அதன் பெயரை வாசித்து, எவ்வகையென இனங்காணப் பழகுங்கள். உணவை மாற்ற முன்னர் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.