செம்பனைப் பழத்தின் சிவப்பு

கிள்ளானிலிருந்து காப்பார், பந்திங் செல்லும் சாலைகளில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் ஆலைக்குச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். இந்நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917-ஆம் ஆண்டில் நடப்பட்டதும் நம் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில்தான். உதிரிப்பழம் பொறுக்குவோர் கைகளில் செம்மஞ்சள் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஆனால், கடையில் நாம் வாங்கும் எண்ணெயோ வெளிர்மஞ்சளாய் இருக்கின்றது. அந்தச் சிவப்பு எங்கே போயிற்று?

அதனை அறியுமுன், அதன் பணியை அறிவோம். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் அதே பிராணவாயுவைக் கொண்டுதான் நம் உயிரணுக்கள் உணவிலிருந்து சக்தி பெறுகின்றன. அப்போது நிலையற்ற சில துணுக்குகளும் தோன்றுகின்றன. இவை உயிரணுவின் மேலுறையிலுள்ள கொழுப்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. பறிகொடுத்த கொழுப்பு தன் அண்டைக் கொழுப்பிடம் பறிக்கும். திருட்டுக் கொடுத்தவனே அடுத்த வீட்டில் திருடப் புறப்படுவது போன்றது இது! மேலுறையில் தங்கும் வைட்டமின் ஈ தன் எலெக்ட்ரானைத் தந்துவிட்டுத் தான் அமைதியாய் இருப்பதால், இத்தொடர் அறுபடுகின்றது.

செம்பனை எண்ணெயில் இவ்வைட்டமின் நிறைய உண்டு. அதில் பெரும்பகுதி டோகோட்ரையினால் என்னும் வகை. பெரும்பாலான மற்றச் சமையல் எண்ணெய்களில் இது மிகக் குறைவு. சிவப்பு நிறத்தைத் தருவது கரோட்டின். சுத்திகரிக்காத எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை இருக்கும். இதுவும் காவற்பணி புரிவதோடு, உடலில் வைட்டமின் ஏ-ஆகவும் மாறிக் கண்ணைக் காக்கின்றது.

மற்றொரு காவலன் செலினியம் என்னும் தாதுப்பொருள். மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து நமக்கும் வருவது. உயிரணுவில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக மாற்றும் ஒரு நொதியில் செலினியம் இருப்பதை 1973-இல் அறிவியலார் கண்டனர். மண்ணில் செலினியம் குறைந்த சீனத்துக் கேஷான் வட்டாரத்தில் குழந்தைகளின் இதயத்தசை நலிந்தது. 1970-களில் செலினியம் கொடுத்தபின் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. நமக்கு நெத்திலி, மத்தி, முட்டை ஆகியவற்றில் அது கிடைக்கின்றது.

இனி, சிவப்பு போன இடம். சுத்திகரிப்பு ஆலையில் ஒருவகை மண் நிறத்தை உறிஞ்சுகின்றது. எஞ்சிய கரோட்டினை 240 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அழிக்கின்றது. வைட்டமின் ஈ-யின் பெரும்பகுதி மட்டும் தப்புகின்றது. சிவப்பைக் காக்கும் சுத்திகரிப்பு முறையும் இந்நாட்டிலேயே உருவானது. 1979-இல் அமைந்து, 2000-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தில் இணைந்த ஆய்வுக் கழகத்தின் உழைப்பு அது. எனினும், எவ்வகைச் செம்பனை எண்ணெயிலும் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பாதலால், அளவு மீறலாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இச்சத்துகளை மாத்திரையாக்கி வீடுதேடி வந்து விற்போர் உண்டு. பின்லாந்தில் புகைபிடிப்போர்க்குக் கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என 1994-இல் முடிவு வெளியாயிற்று. செலினிய மாத்திரை மிகுந்தால் முடி கொட்டும், நகம் உடையும். முருங்கைக்கீரையிலும் பூசணியிலும் கரோட்டின் உண்டே! சிறிது எண்ணெயில் தாளித்தால் அதனை உடல் எளிதில் ஏற்கும். பக்கத்தில் நெத்திலி வறுவல் இருந்தால் செலினியமும் வந்துவிடும்.