வளைந்த பிரமிடு

பிரமிடு என்றதும் கீசாவில் உள்ள கூஃபுவின் பெரிய பிரமிடே பலர் நினைவிற்கு வரும். ஆனால் என் உள்ளத்தை ஈர்ப்பது, அவன் தந்தை சினெஃப்ரு தாஷூரில் கி.மு. 2600ஐ ஒட்டி எழுப்பிய 'வளைந்த பிரமிடு'தான். அதன் பக்கங்கள் அடியிலிருந்து ஏறத்தாழ 54 பாகைச் சாய்வில் ஏறிச் சென்று, பாதி உயரத்திற்குச் சற்றுக் கீழே திடீரென 43 பாகையாகத் தணிகின்றன.

அதற்கு முன் சக்காராவில் ஜோசர் மன்னனுக்கு எழுந்தது ஆறு படிகள் கொண்ட பிரமிடு. வழவழப்பான சரிவுடைய பிரமிடு ஒன்றைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக் கட்ட முற்பட்டது தாஷூரில்தான். முன்மாதிரி இல்லாத வேலை!

சாய்வு ஏன் மாறியது? வடக்கிலும் மேற்கிலுமாக இரு வாயில்கள், இரண்டு சாய்வுகள். இவை மேல் எகிப்து, கீழ் எகிப்து என்னும் இரு நாடுகளைக் குறிப்பன என்பர் சிலர். கேட்க இனிமையான கருத்து. ஆனால் கற்கள் தரும் சான்று வேறு. முதலில் எழும்பிய கட்டடம் இன்னும் செங்குத்தானது. பின்னர் அதைச் சுற்றிக் கல் சேர்த்து அடியை அகலப்படுத்தியிருக்கிறார்கள். உள்ளே வெடிப்புகளைச் சாந்து பூசி அடைத்திருக்கின்றனர். மேல் அறையில் தேவதாரு உத்திரங்கள் இன்றும் குறுக்கே நிற்கின்றன. அடிநிலம் உறுதியான பாறையன்று. சரளையும் களிமண்ணும் கலந்தது. பாரம் தாங்காமல் கட்டடம் அமிழத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடியின் நீளம் ஏறத்தாழ 189 மீட்டர். 54 பாகையிலேயே முடித்திருந்தால் உயரம் 130 மீட்டரைத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இன்றுள்ளது சுமார் 105 மீட்டர். அத்தனை பாரத்தைக் குறைக்கவே சரிவைத் தணித்தனர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நிற்க. இன்னொரு மாற்றமும் கருதத்தக்கது. கீழ்ப்பகுதியில் கல்வரிசைகள் உட்புறமாகச் சாய்ந்துள்ளன. மேற்பகுதியில் கிடைமட்டமாக உள்ளன. அருகில் அதே மன்னன் எழுப்பிய சிவப்புப் பிரமிடு அடிமுதல் முடிவரை கிடைவரிசையிலும் 43 பாகையிலும் அமைந்தது. மகன் கூஃபு பாறைமேல் அடியிட்டு, 52 பாகைக்குச் சற்றுக் குறைந்த சாய்வில் 146 மீட்டருக்கும் மேல் உயர்த்தினான். தாஷூரில் கற்ற பாடம் இல்லாமல் கீசாவில் அந்தத் துணிவு பிறந்திருக்குமா?

பெரிய பிரமிடு தன் மேலுறைக் கற்களைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. வளைந்த பிரமிடோ அவற்றில் பெரும்பகுதியை இன்றும் போர்த்தி நிற்கிறது. 1965 முதல் மூடிக்கிடந்த அதன் உட்புறம் 2019இல் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது.